லடாக்குக்கு முன் புன்னைக்காயல்

ஸ்ரீநகரிலிருந்து புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 44 சுமார் 4,100 கிலோமீட்டர் ஓடிவந்து கன்னியாகுமரியில் கடலைப் பார்க்கிறது. திருநெல்வேலியைத் தொட்டுவிட்டால் மிச்சம் 85 கிலோமீட்டர்தான். ஆகவே ‘கே டு கே’ என்று சொல்லிக்கொண்டு நாட்டை நெடுக்காக அளக்கும் பைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் ஊர் பைபாஸை ஒருமுறை மிதித்தே தீர வேண்டும். வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கு இது கடைசிக்கு முந்தின டீ. கன்னியாகுமரியில் விடிகாலை படம் எடுத்துக்கொண்டு காஷ்மீருக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் டீ.

யார் எந்த ரகம் என்று கேட்க வேண்டியதில்லை, மூட்டையே சொல்லிவிடும். கிளம்புகிற வண்டியில் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னால் நீளமாக ஒரு பை, அதன் மேல் கூடாரம், அதற்கும் மேல் தூங்கும் பை, ஓரத்தில் பெட்ரோல் கேன், டேங்கின் மேல் இன்னொரு பை, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கிற கொக்கிக் கயிறுகள், உச்சியில் ஒரு கொடி. பின்னாலிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் தெரிய மாட்டார். வந்து சேர்கிற வண்டியில் இதில் பாதி இருக்காது. விசாரித்தால் நாக்பூரில் கூரியர் போட்டோம், மணாலியில் தங்கின இடத்திலேயே விட்டுவிட்டோம், ஹைதராபாத்தில் சொந்தக்காரர் வீட்டில் இறக்கினோம் என்று ஒரு கதை வரும்.

வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக். செயினை இறுக்கிக்கொள்ள வந்து நிற்கிற புறப்பாட்டுக்காரர்களை அவர் வரவேற்கிற விதமே தனி. “என்ன அண்ணாச்சி, வீட்டக் காலி பண்ணிட்டா போறிய?” பிறகு பின்பக்க மூட்டையை ஒரு கையால் அழுத்தி, ஹேண்டில்பாரைப் பார்ப்பார். “முன் வீல் ரோட்டுல நிக்கா, பறக்கான்னு அதுட்டயே கேட்டுக்கிடுங்க.”

கிளம்பிய பிறகு நாக்பூரில் இறங்குகிற அந்தப் பாதி மூட்டையைக் கிளம்பும் முன்பே இறக்கி வைக்க முடியாதா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் ‘கொண்டுபோக வேண்டிய நூறு பொருட்கள்’ வகைப் பட்டியல்கள் அதற்கு உதவாது. பட்டியல் எப்போதும் கூட்டத்தான் சொல்லும். கழிக்கச் சொல்லிக்கொடுக்கிற இடம் வேறு. அந்தத் தாமிரபரணி நம் காலடியில் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழுகிறது.

எடை எங்கே உட்காருகிறது

நம் ஊர்ப் பையன்களின் இமயமலைக் கனவுக்கு இன்று பெரும்பாலும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்தான் வாகனம். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. இதற்கு மேல் 198 கிலோ ஏற்றலாம் என்கிறது கம்பெனிக் கணக்கு. 75 கிலோ ஆள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், முழங்கால் கவசம் என்று ஒரு பத்துக் கிலோ. இன்னும் நூறு கிலோவுக்கு மேல் இடம் இருக்கிறதே என்று மனம் கணக்குப் போடுகிறது. ஏமாறுவது இங்கேதான். அந்த 198 கிலோவில் பெரும்பகுதி இரண்டு பேர் சீட்டில் உட்கார்வதற்கானது, அதாவது இரண்டு சக்கரங்களுக்கு நடுவே. பின் கேரியருக்கு வண்டிக் கையேட்டில் தனி வரம்பு உண்டு. பல வண்டிகளில் அது பத்துக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்தவரை நான் பார்த்ததில்லை.

பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. முன் சக்கரம் லேசானால் வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. வேகத்தில் ஹேண்டில் உதறும். மணலில் பின்பக்கம் வாலாட்டும். அதே எடை தாழ்வாக, ஓட்டுகிறவரின் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் பாதிக்கு மேல் தொல்லை கிடையாது. இன்னொன்று, அலுமினியப் பெட்டி இரண்டும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து காலியாகவே 15 கிலோ வரை போகும். ஒரு சட்டைகூட வைக்காமல் 15 கிலோ! கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தார்ச்சாலையில் போய்வர இந்தப் பெட்டிகள் எதற்கு என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். கல்லில் விழுந்தால் நெளிகிற பெட்டியைவிட, விழுந்தால் சுருங்கிக்கொள்கிற தார்ப்பாலின் பை மேல். காலுக்கும் நல்லது.

இந்த எடைப் பாடத்தை வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்க வேண்டியதே இல்லை. காலை ஆறு மணிக்கு எந்த வாழைக்காய் மண்டி வாசலிலும் நின்றால் போதும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வருகிறவர் முதல் மூட்டையை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே, கால் வைக்கிற தட்டில். தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. அவர் முழங்கால்களே அதை அணைத்துப் பிடித்துக்கொள்ளும். அது நிறைந்த பிறகுதான் பின்னால். நூறு கிலோகூட இல்லாத வண்டி, தன் எடையைவிட அதிகமாகச் சுமந்துகொண்டு சந்துக்குள் ஒற்றைக் கையில் திரும்புகிறது. இயந்திரவியல் வகுப்பில் புவிஈர்ப்பு மையம் என்று கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டுவதை அவர் கீரைக்கட்டை வைத்துக் காட்டுகிறார்.

அந்த எக்ஸ்.எல்.லின் பரம்பரையும் நம் பக்கத்ததுதான். 1877-ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது களக்காட்டுக்குத் தெற்கே திருக்குறுங்குடியில். மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய அவர் பெயரைத் தாங்கிய குழுமம் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டை இறக்கியது. பின்னால் அதே நிறுவனத்தின் ஓசூர் ஆலையிலிருந்துதான் பி.எம்.டபிள்யூ.வின் சிறிய சாகச வண்டியான ஜி 310 ஜி.எஸ்.ஸும் உலகுக்குப் போனது. காய்கறி சுமக்கிற வண்டிக்கும் கனவு சுமக்கிற வண்டிக்கும் ஒரே கூரை.

மங்கோலியாவில் உடைந்த சட்டம்

நடிகர் அஜித்குமார் 2022-ல் லடாக், இமாச்சலம் பக்கம் பைக்கில் சுற்றிய படங்கள் வெளிவந்த பிறகு, கல்லூரிப் பையன் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாருக்கும் பெரிய வண்டியில் ஒரு கண் வந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் பெரிய வண்டி, பெரிய மூட்டை என்கிற அந்தப் படிமத்தை உலகம் முழுக்கப் பரப்பிய பயணம் எதுவோ, அதிலேயே அதற்கான மறுப்பும் இருக்கிறது. 2004-ல் ஈவான் மெக்ரெகர், சார்லி பூர்மன் என்ற இரண்டு நடிகர்கள் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி நியூயார்க் வரை போனார்கள். ‘லாங் வே ரவுண்ட்’ என்று தொலைக்காட்சித் தொடராக வந்தது. பி.எம்.டபிள்யூ.வின் 1150 சிசி ராட்சத வண்டிகள், நிறையப் பெட்டிகள். மங்கோலியாவின் சேற்றில் அவை விழுவதும், நாலு பேர் சேர்ந்து தூக்குவதும்தான் பல காட்சிகள். அங்கே உடன் வந்த ஒளிப்பதிவாளரின் வண்டிச் சட்டம் உடைந்துபோனது. அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக் கொடுத்தது இஷ் பிளானெட்டா என்கிற ஒற்றை சிலிண்டர் ரஷ்ய வண்டி. மலிவு, லேசு. எந்தக் கொட்டகையிலும் சுத்தியலை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

இன்னொரு பக்கம், விசாகப்பட்டினத்துக்காரர் பரத்வாஜ் தயாளா. 2006-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வண்டியில், தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பி அடுத்த ஆண்டு வீடு திரும்பினார். கரிஸ்மா, நம்மூரில் அப்போது கல்லூரி வாசலில் நின்ற அதே 223 சிசி வண்டி. சாகச வண்டி என்று அதற்குப் பெயரில்லை. பின்னால் உதவி வண்டியும் இல்லை. தனியாளுக்கு ஒரு வசதி உண்டு: விழுந்த வண்டியைத் தானே தூக்க வேண்டும் என்கிற பயம், தேவையில்லாததை ஏற்ற விடாது. லடாக்கின் கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். அங்கே நுரையீரலுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. 196 கிலோ வண்டி மூட்டையோடு சாய்ந்தால், முதலில் மூட்டையை அவிழ்த்து, பிறகு வண்டியைத் தூக்கி, பிறகு மூச்சு வாங்கி உட்கார்ந்து, பிறகு திரும்பக் கட்ட வேண்டும். மேலே குறிப்பிட்ட கொக்கிக் கயிறுகளின் நினைவு அப்போது வரும்.

ஆற்றோடு ஒரு ஒத்திகை

தாமிரபரணி பெரிய நதி இல்லை. மலையில் தொடங்கிக் கடலில் முடிய 130 கிலோமீட்டர்கூடக் கிடையாது. ஆனால் அந்தச் சின்ன நீளத்துக்குள், அதை ஒட்டிய சுற்றுப்புறத்தையும் சேர்த்தால், மழைக்காடு, வயல், செம்மணல் தேரி, கடற்கரை என்று எல்லாம் வந்துவிடுகிறது. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்து திணையும் நெல்லைச் சீமைக்குள் உண்டு என்று எங்கள் பெரியவர்கள் பெருமையடிப்பதில் உண்மை இருக்கிறது. லடாக் போகிறவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அங்கே கட்டப்போகிற முழு மூட்டையையும் ஒரு சனிக்கிழமை காலை வண்டியில் கட்டி, இந்தப் பள்ளத்தாக்கை இரண்டு நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது. முந்நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும்.

மாதம் ஜூனாக இருந்தால் நல்லது. மணாலி – லே சாலை திறக்கிற பருவமும் அதுதான்; இங்கே மலையில் தென்மேற்குச் சாரலும் சமவெளியில் வெறும் காற்றுமாக இருக்கிற பருவமும் அதுதான். டவுனிலிருந்து பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று மேற்கே போகிற சாலையில் முதல் ஒரு மணி நேரம் மூட்டை ஒன்றும் சொல்லாது. வயல், வாய்க்கால், ஆல், அரசு. எல்லாம் சுகம்.

பத்தமடையில் மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். அங்கே முடைகிற கோரைப்பாயின் உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப்பாய் என்று பெயர். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, இழைபோல் மெலிதாக்கி நெய்வது. ஒரு பாய்க்கு மாதக்கணக்கில் வேலை. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கே இங்கிருந்து பாய் போயிருக்கிறது. சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும். இதைத் துணிபோல மடித்துவிடலாம். அடைத்துக்கொள்கிற இடம் எவ்வளவு என்பதும் எடையைப் போலவே முக்கியம் என்று ஒரு படுக்கையை வைத்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கடை கிடையாது. (விலையும் அதற்கேற்றபடி இருக்கும், பைக்கில் கட்டிப் பாழாக்க வேண்டாம்.) ரிஷிகேஷில் கங்கைக்கரையில் படம் எடுத்துக்கொள்ளும் பைக்காரர்கள் பலருக்குத் தெரியாது, அங்கே ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் பிறந்ததும் இந்தப் பத்தமடையில்தான். மலேயாவில் மருத்துவராக இருந்தவர், 1923-ல் வேலையையும் வீட்டையும் விட்டுத் திரும்பி, வடக்கே போனார்.

பாபநாசத்தில் கதை மாறுகிறது. வனத்துறைச் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். 1988-ல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இது. பிளாஸ்டிக் பைக்கு அனுமதியில்லை. முழு மூட்டையையும் அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டுவது இங்கே முதல் பாடம். பின்னால் பத்துப் பேர் ஹாரன் அடிக்கும்போது, எது எந்தப் பையில் என்று தெரியாமல் துழாவுகிறீர்கள் என்றால் பொருள் அதிகம் என்று அர்த்தம். காரையாறு அணைக்கும் சொரிமுத்தையனார் கோவிலுக்கும் போகிற ஏற்றத்தில் சாரல் தொடங்கும். பைகளுக்கு மேல் போடுகிற மழை உறைகளின் லட்சணமும் அங்கேயே தெரிந்துவிடும். மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. சக்கரம் வாரியடிக்கிற சேற்றுநீர் கீழிருந்து ஏறி, உறைக்குள் தேங்கி, பையை உள்ளிருந்து ஊறவைக்கும். பைக்குள்ளே நீர்புகாத தடித்த உட்பை வேண்டும். வெளியே உறை எதற்கும் வேண்டியதில்லை. மாஞ்சோலை, ஊத்து பக்கம் ஏறலாம் என்று யாராவது ஆசை காட்டினால், வனத்துறையிடம் கேட்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

இங்கே மழை எப்படி இருக்கும் என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 சாட்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த மாதிரி மழைக்கு எந்தப் பையும் பதில் சொல்லாது. வீட்டில் இருப்பதுதான் பதில். ஆனால் சான்றிதழ், மருந்து, போன் மூன்றும் உடம்போடு ஒட்டிய ஒரு சிறு பையில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மாடியில் நின்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். வண்டியைக் கைவிட்டுவிட்டு நடக்க நேர்ந்தால் அந்தப் பை மட்டும் போதுமா? இதுதான் கேள்வி.

ராத்தங்கலை அம்பாசமுத்திரத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் ஆற்றோடு கிழக்கே இறங்கினால் சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், பிறகு புன்னைக்காயல். உப்புக்காற்று, கடல், வள்ளங்கள். இந்த நாளின் சோதனை அங்கிருந்து தெற்கே திரும்பிய பிறகு வருகிறது. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி. செக்கச்சிவந்த மணல்மேடு, பனைமரம், கொல்லாமரம். தேரிக்காட்டுக்குள் வண்டியை விட்டு விளையாடக் கூடாது, தேவையும் இல்லை. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் பக்கமும் ஊர்களை இணைக்கும் சிறு சாலைகளிலும் காற்றே மணலை வாரி ஓரத்தில் கொட்டி வைத்திருக்கும். எதிரே பஸ் வந்து ஓரம் கட்டினால், முன் சக்கரம் அந்த மணலில் இறங்கும். பின்பக்கம் கனத்த வண்டி அங்கே என்ன ஆட்டம் போடும் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், கூடாரம் தேவையா என்கிற விவாதம் வீட்டில் நடக்கும்.

கடைசிப் பகுதி திசையன்விளை, ராதாபுரம், பணகுடி. இங்கே சோதனை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து வருகிற காற்று. ஆசியாவின் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று இங்கே நிற்பது சும்மா இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குறுக்குக் காற்று வண்டியைச் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலுங்காமல் நகர்த்திவிடும். லாரியை முந்துகிற நொடியில் காற்று நின்று, முந்தி முடித்ததும் சடாரென்று அறையும். உயரமாகக் கட்டிய மூட்டை அப்போது பாய்மரம். கட்டியவருக்கே அது தெரியும், உள்ளங்கை வியர்க்கும். அங்கிருந்து நாங்குநேரி வழியாக நாலுவழிச் சாலையில் வீடு.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பதற்கு முன்பே மூட்டையைப் பிரித்துக் கூடத்தில் பரப்ப வேண்டும். இரண்டு நாளில் கை பட்டது ஒரு பக்கம், படாதது ஒரு பக்கம். மருந்துப் பை, பஞ்சர் சாமான், மழைக்கோட்டு மூன்றும் கை படாவிட்டாலும் தப்பிக்கும். மற்றதெல்லாம் அலமாரிக்கு. “ஒருவேளை தேவைப்பட்டால்?” என்று மனசு கேட்கும். அந்த ‘ஒருவேளை’தான் அலுமினியப் பெட்டியை நிரப்புகிறது.

சாலை சுமந்த காலம்

எடைக்குக் காரணம் பயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லத் தோன்றுகிறது. சாலை நமக்காக எதையும் வைத்திருக்காது என்கிற அவநம்பிக்கைதான் மூட்டையாகிறது. வழியில் கிடைக்கும் என்று நம்பினவர் கையை வீசிக்கொண்டு போவார்.

நம் பக்கத்துச் சாலைகள் அந்த நம்பிக்கைக்கு ஏற்பாடு செய்தே போடப்பட்டவை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரில் மதுரைக்குத் தெற்கே ஒரு பழைய வழித்தடத்தை இன்றைக்கும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள். சாலையோடு மரம், கிணறு, சத்திரம். தாமிரபரணிப் படித்துறைகளில் கல்மண்டபம். கிராமத்து வழிகளில் சுமைதாங்கிக் கல்: இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்கவைத்தால் தீர்ந்தது. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் சுமையை நேராக அதில் மாற்றிவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தலைக்கு ஏற்றவும் யாரையும் கூப்பிட வேண்டாம். தலை உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக அமைத்திருக்கும் அளவு நேர்த்தியானது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். இறக்கி வைக்காமலே போய்விட்ட ஒருத்தியின் பேரில், ஊரார் எல்லாரும் இறக்கி வைக்க ஒரு கல்.

இன்று சத்திரத்தின் இடத்தில் லாட்ஜ். சுமைதாங்கியின் இடத்தில் கூரியர் ஆபீஸ். பஞ்சர் கடை இல்லாத பத்துக் கிலோமீட்டரை நெடுஞ்சாலை 44-ல் தென் பக்கத்தில் காட்டுவது கஷ்டம். சோப்பு, பற்பசை, மாத்திரை, பனியன் எதுவும் எந்த பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கும். கூடாரம்? மணாலியிலிருந்து லே போகிற வழியில் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில், கோடையில் பெரிய கூடாரங்களை அடித்துக்கொண்டு தாபாக்காரர்கள் ரஜாயோடு படுக்கை தருகிறார்கள். நாலாயிரம் மீட்டருக்கு மேலே, இருட்டில், காற்றில் சொந்தக் கூடாரம் அடிக்கிற ஆசை இரண்டாவது கம்பியிலேயே போய்விடும்.

பெட்ரோல் கேனுக்கும் இதே கணக்கு. அந்த வழியில் தாண்டி என்ற இடத்தில் இருக்கிற பங்க், ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகையால் பிரபலமானது. ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர் டேங்க். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்துப் போட்டாலும் 425 வருகிறது. சிறிய டேங்க் வண்டிக்காரருக்கு ஐந்து லிட்டர் கேன் வேண்டும்தான். ஆனால் அதைத் தாண்டியில் நிரப்பினால் போதும். நிரப்பிய கேன் நாலு கிலோ. அதைத் திருநெல்வேலியிலேயே நிரப்பிக்கொண்டு வரிசையாக நூறு பங்க்குகளைக் கடந்து போகிறவர்களை நான் என்ன சொல்ல?

மிச்சம் என்ன

துணி மூன்று செட். உடம்பில் ஒன்று, பையில் ஒன்று, காய்வது ஒன்று. மூன்று நாளுக்கும் முப்பது நாளுக்கும் இதே கணக்குத்தான், துவைக்கத் தெரிந்தால். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் இரண்டு நாள் காயாது. விலையுயர்ந்த மலையேற்றக் கடைத் துண்டு எதுவும் நம் ஈரிழைத் துண்டுக்குப் பக்கத்தில் வராது. படித்துறையில் பிழிந்து தோளில் போட்டால் வீடு போய்ச் சேர்வதற்குள் காய்கிற சாதனம் அது. துடைக்க, தலையில் கட்ட, ஹெல்மெட்டுக்குள் வியர்வையை வாங்க, கழுத்தைச் சுற்ற, சூடான சைலன்சர் பக்கத்தில் நட்டைப் பிடிக்க, ராத்திரி தலைக்கு வைக்க. சாரமும், அதாவது லுங்கியும், அப்படித்தான். உடைமாற்ற அறை, ஜன்னல் திரை, விரிப்பு, போர்வை எல்லாம் அதற்குள் அடக்கம். பெண்களுக்குப் பருத்தித் துப்பட்டா இதில் பாதிக்கு மேல் செய்யும். குளிருக்குத் தடித்த ஒரே ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு போவதைவிட, மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது. மழைக்கோட்டையே மேலடுக்காகப் போட்டால் காற்று உள்ளே நுழையாது.

ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, உங்கள் வண்டியில் எந்தெந்த அளவு நட்டு இருக்கிறதோ அதை மட்டும் எடுங்கள். பெட்டி கால்வாசியாகிவிடும். சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பேனர் அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி தருகிற பையில் அது எப்போதும் இருப்பதில்லை. மாற்று கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல், ஓடுகிற கேபிளோடு ஒட்டி இன்னொன்றாக இழுத்துக் கட்டிவிடுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அறுந்தால் முனைகளை மாற்றிக் கோத்தால் முடிந்தது. டியூப் உள்ள சக்கரமென்றால் முன் சக்கர டியூப் ஒன்றே போதும். அவசரத்துக்குப் பின் டயருக்குள்ளும் அதைத் திணித்து ஊருக்குப் போய்விடலாம். வண்டிச் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் போலீஸ் ஏற்கிறது. சிக்னல் இல்லாத இடத்துக்காகக் காகித நகல் ஒன்று, அவ்வளவே.

குறைக்கக் கூடாதவை என்று சில உண்டு. வெயிலைச் சாக்கிட்டு ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைப்பது எடைக் குறைப்பாகாது. எடை அப்படியே இருக்கிறது, தோல்தான் குறையும். முழங்கால் கவசம், கணுக்காலை மூடுகிற பூட்ஸ், கையுறை மூன்றுக்கும் பேரம் கிடையாது. தண்ணீர் இரண்டு லிட்டர் எப்போதும் வேண்டும். மே மாதத்துப் பாளையங்கோட்டையில் பழகியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூட்டை போட்டபின் பின் டயர்க் காற்றையும், பின் ஸ்பிரிங்கையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு எடையும் இல்லை, செலவும் இல்லை, செய்கிறவர்கள்தான் இல்லை.

தின்பண்டத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் சறுக்குவது. நெல்லையப்பர் கோவில் எதிரே சாயங்காலம் இருட்டுக்கடையில் வரிசையில் நின்று, வழியிலுள்ள ஒவ்வொரு சிநேகிதருக்கும் ஒரு கிலோ அல்வா என்று கணக்குப் போட்டால் ஹைதராபாத், நாக்பூர், டெல்லி என்று ஐந்து கிலோ ஏறிவிடும். நெய் சொட்டுகிற ஐந்து கிலோ. சிநேகிதர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அல்வா கெடாது, நட்பும் கெடாது. வண்டிக்கு, வடக்கே போகிற வழியில் கோவில்பட்டியில் இறங்கி இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வெயிலில் உருகாது, கணவாயில் உறையாது, ஒரு கையால் உடைக்கலாம்.

நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்ட லீவு கிடைக்காதவர்கள் வண்டியை ரயிலில் ஏற்றி, தாங்களும் அதே ரயிலில் போகிறார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் பெட்ரோலை வடித்துவிடச் சொல்வார்கள், ஆர்.சி. நகல் கேட்பார்கள், வெளியே சாக்கும் வைக்கோலும் சுற்றித் தர ஆள் இருக்கிறது. பைகளை வண்டியில் விட முடியாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, மேம்பாலப் படியேறி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். ஒரே நடையில் போய்ச் சேர்ந்தால் மூட்டை சரி. இரண்டாவது நடை தேவைப்பட்டால், வழியனுப்ப வந்த தம்பியிடம் ஒரு பையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வண்டி கிளம்ப இன்னும் நேரம் இருக்கும்.